முப்பத்தெட்டு நாட்கள்

8-9-2025, திங்கட்கிழமை. ஆவணி 23.

வண்டி இன்று பதினோராவது முறையாக நின்றது. மகள் வாணி பத்து என்கிறாள். 2-3-2025 அன்று சித்தாளந்தூர் அருகே நின்று, கால் மணி நேரத்தில் தானாகவே உயிர்பெற்றதை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. நின்றது நின்றதுதான், நான் சேர்க்கிறேன்.

இடம், சங்ககிரி சாலையில் பாலத்து ஏற்றம். நேரம், முற்பகல் 10.40. வண்டியில் முந்நூறு அட்டை முட்டை. மின்கலத்தில் அறுபத்திரண்டு சதவீதம் இருப்பதாகக் காட்டிய முள் ஒரே நொடியில் சுழியத்துக்கு விழுந்திருக்கிறது. நான் பேருந்தில் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"எத்தனை மணிக்கு நின்னுதுன்னு மட்டும் கேக்காதீங்கப்பா. முட்டைய மாத்தி ஏத்தறதுக்கு ஆள் பாருங்க" என்றாள்.

நான் கேட்டேன். பத்து நாற்பது என்றாள்.

கடந்துபோன லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டி, "ஏனுங்க்கா, ஒயரு வீட்டு வரைக்கும் எட்டுமுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். வாணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வழக்குக்கு உதவக்கூடும் என்று வக்கீல் யசோதா சொன்னதால், இனி விவரங்களை முழுமையாக எழுதுகிறேன். இந்த நோட்டை நாளை யாரும் படிக்க நேரலாம். நான் நாச்சிமுத்து, வயது 72. திருச்செங்கோட்டில் வசிப்பவன், சார்பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து 31-5-2011 அன்று ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை. என் மகள் கோகிலவாணி, வயது 43, பண்ணைகளில் முட்டை எடுத்து மளிகைக்கடைகளுக்குக் கொடுத்து வருகிறாள். அதற்காக அவள் பெயரில் வாங்கிய இந்த மின்சாரச் சரக்கு வண்டியை அவளே ஓட்டுகிறாள். விலைப்பட்டியல் தேதி 15-7-2024. பதிவுத் தாமதத்தால் 22-8-2024 அன்றுதான் வண்டி வீடு வந்தது. ஒருமுறை மின்னேற்றினால் நூற்றுப்பத்து கிலோமீட்டர் ஓடும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. முதல் மாதம் நாற்பது ஓடியது. இப்போது இருபத்தெட்டைத் தாண்டுவதில்லை. கம்பெனியின் மீதும், விற்ற முகவர் மீதும் நாமக்கல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். வேறு வண்டி வேண்டும் என்பதே கோரிக்கை.

வாணி என்னுடன் இருக்கிறாள். அவள் கணவர் வீடு குமாரபாளையம். அவள் சொந்தக் காலில் நின்றால் அழைக்கமாட்டோம், முடியாமல் போனால் திரும்பி வந்தாக வேண்டும் என்று கணவரின் அண்ணன் குழந்தைவேல் பெரியவர்கள் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். நான் தலையசைத்தேன். ஆகவே இந்த வண்டி எங்களுக்கு வெறும் வண்டி அன்று.

9-9-2025, செவ்வாய். ஆவணி 24.

சட்டையில் முட்டைக் கறை போகவில்லை. உடைந்தவை நாற்பத்தோரு அட்டை.

18-9-2025, வியாழன். புரட்டாசி 2.

புரட்டாசி பிறந்ததும் முட்டை வியாபாரம் பாதியாகிவிட்டது. மளிகைக்கடை அர்த்தனாரி இருபது அட்டை எடுப்பவர், ஆறு போதும் என்றாராம்.

மாலை ஐந்து மணிக்கு வக்கீல் அலுவலகம். எதிர்தரப்பின் பதிலுரை வந்துவிட்டது. வக்கீல் யசோதா ஐம்பது வயதுக்காரர். காகிதங்களைக் கிளிப்பில் போடாமல் மேசையெங்கும் பரப்பி வைக்கிறார். மற்றபடி திறமையானவர்.

"சில நாட்டுல இதுக்குன்னே தனிச் சட்டம் இருக்குதுங்கய்யா. புது வண்டி இத்தனை தடவை ரிப்பேருக்கு வந்தா, பேசாம திரும்ப எடுத்துக்கோணும். இங்க அப்பிடி இல்ல. வண்டியில குறை இருக்குது, அது நம்மளால வந்ததில்லைன்னு ஒவ்வொண்ணா நாமதான் காட்டோணும்" என்றார்.

பதிலுரையில் இரண்டு வாதங்கள். ஒன்று, வாணி வியாபாரி, எனவே நுகர்வோர் ஆகமாட்டார். இதை வக்கீல் கையால் தள்ளினார். தானே ஓட்டி, அந்த வருமானத்திலேயே வயிறு கழுவுகிறவரை நுகர்வோர் என்றே சட்டம் சொல்கிறதாம். இரண்டாவது வாதத்தைப் படிக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்டி 15-7-2024 அன்றே உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் முப்பத்தெட்டு நாட்கள் ஒருமுறைகூட மின்னேற்றப்படவில்லை என்பது வண்டியிலேயே பதிவாகியுள்ளது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. அந்த நாட்களில்தான் மின்கலம் அடியோடு வடிந்து செத்தது. பொறுப்பு உரிமையாளருடையது.

"பொய்யுங்க!" என்று வாணி எழுந்துவிட்டாள். "வண்டியக் கண்ணுல பாத்ததே ஆகஸ்ட் இருபத்திரண்டு. அதுவரைக்கும் ஆர்.சி. வரலை, ஆர்.சி. வரலைன்னு சொல்லிட்டே இருந்தாங்க. அப்பாதான் நடையா நடந்தாரு. சொல்லுங்கப்பா!"

நான் ஆமாம் என்றேன்.

"அந்த முப்பத்தெட்டு நாளும் வண்டி அவங்க யார்டுலதான் நின்னுதுன்னு காட்ட ஏதாவது ஒரு துண்டுச் சீட்டு இருந்தாப் போதுமுங்க. அவங்க சீல் போட்டது. அய்யா, நீங்க எல்லாத்துக்கும் நகல் வெச்சிருப்பீங்களே?" என்றார் வக்கீல்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

29-9-2025, திங்கட்கிழமை. புரட்டாசி 13.

தேடினேன், கிடைக்கவில்லை என்று வாணியிடம் சொன்னேன். 14 என்று எண்ணிட்ட கோப்பை பீரோவின் மேல்தட்டுக்கு மாற்றினேன். கீழ்த்தட்டில் தூசி.

14-10-2025, செவ்வாய். புரட்டாசி 28.

குழந்தைவேல் வந்தார். ஒரு சீப்பு பழம் வாங்கி வந்திருந்தார். தெருவில் நிற்கும் வண்டியைச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னுங் மாமா, மாட்டைக் கட்டி இழுத்தாலாவது ஓடுமுங்களா இது?"

"ஆணையத்தில் இருக்கிறது" என்றேன்.

"ஆணையம் இருக்கட்டுங். தை வரைக்கும் பாப்பமுங். தம்பியும் இப்ப முன்ன மாதிரி இல்ல, ரொம்பத் திருந்திட்டான். ஒத்தைப் பொம்பளை இந்த வெயில்ல லாரிக்காரனுககிட்டப் பேச்சு வாங்கிட்டு நிக்கோணும்னு என்னங் தலையெழுத்து?"

வாணி சமையற்கட்டிலிருந்து காப்பி கொண்டுவந்தாள். இரண்டு தம்ளரையும் வலக்கையாலேயே, ஒன்றன்பின் ஒன்றாக. அவர் முகத்தைப் பார்க்காமல், "பழத்தை எடுத்துட்டுப் போயிருங்க. இங்க சாப்பிட ஆளில்லை" என்றாள்.

அவர் போனபின் என்னிடம், "வண்டி போச்சுன்னா நான் திருப்பூர் மில்லு ஆஸ்டலுக்குப் போறனே ஒழிய அங்க போகமாட்டேன். ஆனா நாலு பேரைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நின்னா, நீங்க தலையாட்டிருவீங்கப்பா. அதுதான் எனக்குப் பயம்" என்றாள்.

பழத்தை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன்.

20-10-2025, திங்கட்கிழமை. ஐப்பசி 3. தீபாவளி.

கொண்டாடவில்லை.

5-11-2025, புதன். ஐப்பசி 19.

வண்டிக்குக் கடன் கொடுத்த நிறுவனம் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. தவணை நின்றதால் முப்பது நாளில் வண்டியை எடுத்துக்கொள்வார்களாம். வாணி கையெழுத்திட்டு வாங்கி, படித்துவிட்டு, முட்டைக் கிடங்குக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கே தினக்கூலிக்கு அட்டை அடுக்குகிறாள். வண்டி ஓட்டி முட்டை கொடுத்த அதே கிடங்கு.

நான் சேலம் சாலையில் உள்ள டயர் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பிரபாகரன் சென்ற ஆண்டு முகவரின் கிடங்கு மேலாளராக இருந்தவர். கை கழுவிவிட்டு வந்து நாற்காலி போட்டார்.

"கேஸ் விசயம் கேள்விப்பட்டேனுங்கய்யா. அன்னிக்கே நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஒயரைச் சொருகி வெக்கோணும், இல்லைன்னா பேட்டரி படுத்துக்கும்னு. நீங்கதான் கேக்கலை."

மழை வரும்போல இருந்தது. அதைப் பற்றிப் பேசினேன்.

"உங்க லெட்டரு எங்க மேசையிலதான் கிடந்துது. ஷோரூம் மாத்தறப்ப பழைய பேப்பர்காரன் அள்ளிட்டுப் போயிட்டான். முதலாளிக்கு அப்பிடி ஒண்ணு இருந்ததே தெரியாதுங்க. நகல் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

நான் விடைபெற்றுக்கொண்டேன். மழை வரவில்லை.

24-11-2025, திங்கட்கிழமை. கார்த்திகை 8.

இந்த நோட்டின் 8-9-2025 தேதிய பதிவில் ஒரு பிழை உள்ளது. திருத்துகிறேன்.

"பதிவுத் தாமதத்தால்" என்பதை நீக்கிப் படிக்கவும். பதிவில் தாமதம் ஏதும் இல்லை. பதிவுச் சான்று 19-7-2024 அன்றே வந்துவிட்டது.

முப்பத்தெட்டு ஆண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவன் நான். ஆனி கடைசி வாரத்தில் கூட்டம் வாசலுக்கு வெளியே நிற்கும். ஆடி பிறந்தால் மேசை காலி. ஆவணியில் மறுபடியும் கூட்டம். கோடீசுவரரும் கூலிக்காரரும் அதில் ஒன்றுதான். ஆடியில் கிரயம் முடித்த ஒருவர் நொடித்துப்போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனியில் முடித்தவர்களில் எத்தனை பேர் நொடித்தார்கள் என்று நான் பார்த்ததில்லை. இதை இன்றுதான் யோசிக்கிறேன். வாணிக்கு இவற்றில் நம்பிக்கை கிடையாது. சொன்னால் அன்றே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ஏற்கெனவே ஒரு வாழ்க்கை சரியாக அமையாதவள். இந்த இரண்டாவது தொடக்கமாவது நல்ல நாளில் அமையட்டும் என்று நினைத்தேன். ஆகவே விலைப்பட்டியலை ஆனியிலேயே போடச் செய்து, வண்டியைக் கிடங்கில் நிறுத்தச் சொல்லி, வாணியிடம் ஆர்.சி. வரவில்லை என்றேன். அது என் துறை, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போன் செய்து அவர்களைத் தொந்தரவு செய்யாதே என்றும் சொன்னேன்.

கிடங்கு மேலாளருக்கு நான் கொடுத்த கடிதத்தின் மைத்தாள் நகல் 14ஆம் எண் கோப்பில் உள்ளது. அதை அப்படியே எடுத்தெழுதுகிறேன்:

"மேற்படி வாகனம் இன்று ஆனி மாதத்திலேயே கிரயம் முடிக்கப்பட்டது. நாளை மறுநாள் ஆடி பிறப்பதால், ஆவணி 6ஆம் நாள் வரை தங்கள் கிடங்கிலேயே வைத்திருக்கக் கோருகிறேன். அதுவரை வாகனத்தை இயக்கவோ, மின்னேற்றம் செய்யவோ கூடாது. மின்னேற்றம் செய்வது வாகனத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதாகவே கருதப்படும்."

கீழே முகவரின் முத்திரை. "பெற்றுக்கொண்டேன், அவ்வாறே செய்யப்படும்" என்று பிரபாகரனின் கையெழுத்து. எதைக் கொடுத்தாலும் ஒப்புகை வாங்காமல் நான் வந்ததில்லை.

கடைசி வாக்கியத்தை அவர்கள் யாரும் கேட்கவில்லை. ஆவணத்தில் ஓட்டை இருக்கக்கூடாது என்று நானாகச் சேர்த்தது.

இந்தக் கடிதம் வண்டி யாரிடம் இருந்தது என்று காட்டும். அதைக் கொன்றது யார் என்றும் காட்டும். கொடுத்தாலும் தோற்போம், கொடுக்காவிட்டாலும் தோற்போம் என்று அறுபத்தேழு நாட்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் கொடுக்காததற்கு அது காரணம் அன்று.

11-12-2025, வியாழன். கார்த்திகை 25.

கடன் நிறுவனத்தார் நேற்று வண்டியை எடுத்துப்போக வந்தார்கள். வழக்கு நிலுவையில் இருப்பதைக் காட்டி வக்கீல் இடைக்காலத் தடை வாங்கியிருந்ததால் திரும்பிவிட்டார்கள். வாணி வண்டியின் முன் நின்றிருந்தாள். ஆணையை எடுத்துக்கொண்டு வக்கீலின் குமாஸ்தா வருவதற்குள் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அவள் உட்காரவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு, தனியாக, வக்கீல் அலுவலகம் போனேன். கோப்பை மேசைமீது வைத்தேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"மூணு மாசமா இதை வெச்சுட்டு உக்காந்திருந்தீங்களா?"

"எண்பத்து நான்கு நாட்கள்."

"அய்யா!" என்று மேசையைத் தட்டினார். பரப்பியிருந்த காகிதங்களில் இரண்டு கீழே விழுந்தன. நான் பொறுக்கி வைத்தேன்.

"இது நமக்கு எதிராகத்தானே போகும்?" என்று கேட்டேன்.

"வாணி எழுதியிருந்தா எதிரு. எழுதினது நீங்க. வண்டி உங்க பேருல இருக்குதா? இல்லை. வாணி உங்களுக்கு அதிகாரம் எழுதிக் குடுத்தாங்களா? இல்லை. கையேட்டுல பெருசா அச்சடிச்சு வெச்சிருக்கான், பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா சார்ஜ் போடோணும்னு. அது தெரிஞ்ச டீலரு, வண்டிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆளு காலண்டரைக் காட்டிச் சொன்னாருன்னு முப்பத்தெட்டு நாள் சும்மா போட்டு வெச்சிருக்கான். ஓனருக்கு ஒரு போன் போடலை. அப்பறம் ஜூலையிலயே டெலிவரி குடுத்துட்டேன்னு பொய் வேற. செத்த பேட்டரின்னு தெரிஞ்சே மாத்திக் குடுக்காம பதினோரு தடவை ஒட்டுப்போட்டிருக்கான். இந்தக் காகிதம் போதுமுங்க."

கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "ஆனா நீங்க பிரமாண வாக்குமூலம் குடுக்கோணும். இந்த வண்டியில உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, மகளுக்குத் தெரியாம, அவங்ககிட்டப் பொய் சொல்லி, நீங்களா செஞ்சதுன்னு. சபையில சொல்லோணும். முடியுங்களா?"

தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் ஓரிடத்தில் தேதி தவறாக இருந்தது. திருத்திக் கையெழுத்திட்டேன்.

"வாணிகிட்ட நீங்களே சொல்லிருங்க. எங்கிட்ட இருந்து தெரிய வேண்டாம்."

12-12-2025, வெள்ளி. கார்த்திகை 26.

சொல்லத் தெரியவில்லை. வாக்குமூலத்தின் நகலை அவளிடம் கொடுத்தேன். கிடங்கிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் நின்றபடியே படித்தாள். பாதிவரை முகத்தில் மகிழ்ச்சி இருந்ததை நான் பார்த்தேன். முத்திரை போட்ட கடிதம் கிடைத்துவிட்டது என்பதுதான் முதலில் அவளுக்குப் பட்டிருக்கிறது. பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

"ஜூலை பத்தொம்போதே ஆர்.சி. வந்துருச்சுங்களா?"

"ஆம்."

"அப்ப ஆகஸ்ட் ஆறாந்தேதி வண்டி இருந்துது."

நான் அவளுக்குத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன்.

"கேக்கறேன்ல. இருந்துதா இல்லையா?"

"இருந்தது."

அவள் காகிதத்தை நான்காக மடித்தாள். இடக்கை சரியாக ஒத்துழைக்காததால் மடிப்பு கோணலாக விழுந்தது. பையில் இரண்டு புடவைகளை வைத்துக்கொண்டு கிளம்பினாள். முட்டைக் கிடங்குக்காரர் வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறதாம். வாசலில் நின்று, "கேஸு நடக்கட்டும். சாட்சிக்கு வந்துருங்க" என்றாள்.

அவள் போனபின் 2024ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். 6-8-2024, செவ்வாய், ஆடி 21. "வாணி குமாரபாளையத்திலிருந்து திரும்பினாள். மாலையில் தூறல்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

9-1-2026, வெள்ளி. மார்கழி 25.

ஒரு ஆளுக்குச் சமைப்பதில் அளவு பிடிபடவில்லை. அரை ஆழாக்கு அரிசியும் மிஞ்சுகிறது.

23-2-2026, திங்கட்கிழமை. மாசி 11.

இன்று சாட்சி சொன்னேன்.

ஆணையத்தில் சாட்சிகளை நேரில் விசாரிப்பது வழக்கமில்லையாம், எழுத்தாலேயே முடிப்பார்களாம். எதிர்தரப்பு வலியுறுத்திக் கேட்டதால் அனுமதித்தார்கள். அவர்களுடைய வக்கீல் இளைஞர், மரியாதை தெரிந்தவர்.

"அய்யா படிச்சவங்க. கவர்மெண்ட்ல தலைமை எழுத்தரா இருந்தவங்க. பேட்டரி வண்டிக்கு சார்ஜ் போடணும்னு தெரியாதுங்களா?"

"தெரியும். மேலாளரும் எடுத்துச் சொன்னார்."

"தெரிஞ்சும் போட வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்க."

"ஆம்."

"அப்ப வண்டி கெட்டதுக்கு யாருங்க காரணம்?"

"நானும், நான் சொன்னதைக் கேட்டவர்களும்."

வக்கீல் யசோதா எழுந்து, வண்டி யார் பெயரில், அதிகாரம் உண்டா, மகளைக் கேட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டார். மகள் பெயரில், இல்லை, இல்லை என்றேன். எதிர்தரப்பு வக்கீல் மறுபடியும் எழுந்தார்.

"ஒரே ஒரு கேள்விங்கய்யா. பணத்தைக் கட்டிட்டு முப்பத்தெட்டு நாளா வண்டி வரலைன்னா, யாரா இருந்தாலும் ஷோரூம் வாசல்ல வந்து சத்தம் போடுவாங்க. உங்க மக ஒரு தடவைகூட வரலை. ஏன்னா அவங்களுக்கும் எல்லாம் தெரியும். அப்பாவும் மகளும் பேசி வெச்சுத்தான் செஞ்சீங்க. சரிங்களா?"

"இல்லை. அவள் ஊரில் இல்லை."

"எங்க இருந்தாங்க?"

இதற்கு முன்னேற்பாடாக நான் எதுவும் எழுதி வைக்கவில்லை. நடந்ததைத் தேதி வாரியாகச் சொன்னேன். 1-8-2024 அன்று குமாரபாளையத்தில் இருந்து, ஆடிப்பெருக்குக்கு மருமகளை அனுப்பி வைக்குமாறு கேட்டார்கள். வண்டி வந்தால் போகமாட்டேன், வேலை இருக்கும் என்று வாணி சொன்னாள். வண்டி இன்னும் வரவில்லையே, சும்மாதானே இருக்கிறாய், நான்கு நாள் இருந்துவிட்டு வா என்று நான் அனுப்பினேன். அப்போது வண்டி எட்டு கிலோமீட்டர் தொலைவில், பதிவுச் சான்றுடன் நின்றுகொண்டிருந்தது. 5-8-2024 இரவு அவள் கணவர் அவளுடைய இடக்கை மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்து நெரித்தார். மறுநாள் காலை துணியால் கட்டிக்கொண்டு, தனியாகப் பேருந்தில் வந்து சேர்ந்தாள். எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. நான் அதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. நாட்குறிப்பில்கூட எழுதவில்லை.

எதிர்தரப்பு வக்கீல், கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். தட்டச்சர் கையை எடுத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் அம்மையார், "எல்லாத்தையும் எழுதிக்கோங்க. தேதியோட" என்றார்.

வாணி பின்வரிசையில் இருந்தாள். வெளியே வந்ததும் அருகில் போனேன். அவள் என்னைத் தாண்டி, "வக்கீலம்மா, இவங்க வேலை முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுதுங்க."

நாமக்கல்லிலிருந்து பேருந்தில் தனியாக வந்தேன்.

2-3-2026, திங்கட்கிழமை. மாசி 18.

குழந்தைவேல் தொலைபேசியில் ஏசினார். "கோர்ட்டுல போயி எங்க மானத்தை ஏலம் போட்டுட்டீங்க. இனி அந்தப் பொம்பளை எங்க வாசப்படிய மிதிக்கக்கூடாது, ஆமா!"

மிகவும் நல்லது என்றேன். எழுத்தில் தர முடியுமா என்றும் கேட்டேன். வைத்துவிட்டார்.

17-4-2026, வெள்ளி. சித்திரை 4.

தீர்ப்பு. கம்பெனியும் முகவரும் சேர்ந்து, நாற்பத்தைந்து நாட்களுக்குள் அதே வகையில் புதிய வண்டி கொடுக்க வேண்டும். கடைசி நாள் 1-6-2026. வக்கீல் தொலைபேசியில் ஒரு பத்தியை வாசித்துக் காட்டினார். சாட்சி தனக்கே எதிராகப் பேசியிருப்பதால் அவர் சொல் நம்பத்தக்கது என்று இருக்கிறதாம்.

"வாணிக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதான் இருக்காங்க அய்யா."

"கொடுங்கள்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு வக்கீலே பேசினார். "கிளம்பிட்டாங்கய்யா. முட்டை லோடு இருக்குதாம்."

1-6-2026, திங்கட்கிழமை. வைகாசி 18.

கெடு இன்றுடன் முடிகிறது. காலையிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மாலை ஆறு மணிக்கு எடுத்து உள்ளே வைத்தேன்.

10-6-2026, புதன். வைகாசி 27.

சர்க்கரை வாங்க அர்த்தனாரி கடைக்குப் போனேன். வாசலில் இருபது அட்டை முட்டை அடுக்கியிருந்தது. யார் போட்டது என்றேன்.

"என்னுங் கிளார்க்கய்யா, உங்க பொண்ணு போட்டதுதானுங். புது வண்டி எடுத்தாச்சில்ல? தெரியாத மாதிரி கேக்கறீங்க!"

"எந்தத் தேதியிலிருந்து போடுகிறாள்?"

"தேதி ஆருங் பாத்தா? பத்து நாளு இருக்கும்... இல்லீங், எட்டு நாளா இருக்கும். கரண்டு வண்டி பாருங், வர்றதும் போறதும் காதுல விழுகறதே இல்ல. நான் கடை தொறக்க வர்றப்ப முட்டை இருக்கும். அவ்வளவுதானுங். ஏனுங், உங்க தெரு வழியாத்தான போகுது?"

ஆமாம் என்றேன். சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தீர்ப்பின் நகலைக் கோப்பில் சேர்த்து, கடைசித் தாளில், வழக்கம்போல, முடிவு விவரம் எழுத உட்கார்ந்தேன். "புதிய வாகனம் பெறப்பட்ட நாள்" என்று எழுதினேன். மே 30 ஆக இருக்கலாம். ஜூன் 2 ஆகவும் இருக்கலாம். வக்கீலிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்கப்போவதில்லை. அந்தத் தேதி அவளுடையது. அவளாக ஒருநாள் வந்து சொன்னால் எழுதிக்கொள்கிறேன். அதுவரை அந்த இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன்.